பாட்டு இறங்குகிறது, பாடம் ஏறமாட்டேன் என்கிறது

இலங்கை மலைநாட்டில், மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் போன் வைத்திருப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் இந்த முறைப்பாடு எப்படியும் வந்துவிடும். யூடியூப்பில் பாட்டு ஓடுகிறது. நடுநடுவே சுற்றிக்கொண்டு நின்றாலும் கடைசியில் ஓடி முடிகிறது. அதே போனைக் கையில் வைத்துக்கொண்டு, அதே லயத்து வாசலில் நின்று, பிள்ளையின் பயிற்சிக் கொப்பியைப் படம் பிடித்து ஆசிரியருக்கு அனுப்பினால் போகமாட்டேன் என்கிறது. திரையில் பச்சைக் கோடு 99 வீதம் வரை நீள்கிறது, அங்கே நிற்கிறது. கொஞ்ச நேரத்தில் 'மீண்டும் முயலுங்கள்' என்று வருகிறது. முயன்றால் கோடு பூச்சியத்திலிருந்து தொடங்குகிறது. போட்ட டேட்டா மட்டும் கரைந்திருக்கிறது.

இதில் இரண்டு புதிர்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இறங்குவது ஏன் ஏறுவதைவிட எளிதாக இருக்கிறது? 99 வரை போன கோப்பு ஏன் பூச்சியத்துக்குத் திரும்புகிறது? முதலாவதற்கு இயற்பியலும் மலையும் பொறுப்பு. இரண்டாவதற்குச் செயலியை எழுதியவர் பொறுப்பு. நாமோ இரண்டையும் 'சிக்னல் இல்லை' என்று சொல்லி மூடிவிடுகிறோம். அதனால் செயலியை எழுதியவர் தப்பித்துவிடுகிறார்.

மரவீட்டில் ஒரு வரிசை

கொரோனாத் தொற்றால் 2020 மார்ச்சில் இலங்கையின் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன. பாடம் வட்ஸ்அப்புக்கும் சூமுக்கும் மாறியது. அடுத்த ஆண்டும் பள்ளிகள் பல மாதங்கள் மூடிக்கிடந்தன. 2021 ஜூலையில் ஏபி செய்தி நிறுவனம் இங்கிருந்து அனுப்பிய செய்தி ஒன்று உலகம் முழுவதும் போனது. போஹிட்டியாவ என்ற கிராமத்தில் ஆசிரியை ஒருவரும் பிள்ளைகளும் சிறுத்தையும் யானையும் நடமாடும் காட்டு வழியாக மூன்று கிலோமீற்றருக்கு மேல் நடந்து, சிக்னல் கிடைக்கும் ஒரு பாறை உச்சிக்கு ஏறினார்கள். மடுல்சீமையின் அண்டை ஊரான லுணுகலையில் பெரியவர்கள் பிள்ளைகளைக் காட்டுக்குள் கூட்டிப்போய், தரையிலிருந்து சுமார் 30 அடி உயரத்தில் இருந்த மரவீடு ஒன்றில் ஏற்றினார்கள். அங்கே ஒருவர் மாற்றி ஒருவராகப் பாடத்தை இறக்கிக்கொண்டார்கள், வீட்டுவேலையை ஏற்றினார்கள்.

அந்த மரவீட்டின் படத்தைப் பார்த்தவர்கள் எல்லோரும் டவர் வேண்டும் என்றார்கள். நியாயமான கோரிக்கைதான். ஆனால் அதே டவரையும் அதே போனையும் வைத்துக்கொண்டே அந்த வரிசையைப் பெருமளவு சுருக்கியிருக்க முடியும். எப்படி என்பதுதான் இந்த அத்தியாயம்.

இரண்டு பக்கமும் ஒரே பலம் இல்லை

டவரின் ஒரு பக்கத்து அன்டெனா 20 முதல் 40 வோட் வரையான வலுவில் அலையை அனுப்புகிறது. சிலவற்றில் அதற்கும் மேல். கையிலுள்ள 4ஜி போன் எவ்வளவு முயன்றாலும் அதன் உச்சம் 0.2 வோட். நூறு மடங்குக்கும் மேற்பட்ட வித்தியாசம். போனின் பற்றரி சிறியது. அது நம் உடம்போடு ஒட்டியிருக்கும் பொருள் என்பதால் பலத்தைக் கூட்டவும் விதிகள் விடுவதில்லை. டவரில் பெரிய அன்டெனாவும் மெல்லிய அலையையும் பிடிக்கும் கருவியும் இருப்பதால் இந்த வித்தியாசத்தில் ஒரு பகுதி ஈடாகிறது. முழுவதும் ஈடாவதில்லை. போதாக்குறைக்கு, மக்கள் அனுப்புவதைவிடப் பெறுவதே அதிகம் என்பதால், வலையமைப்பை நடத்துபவர்களும் இறக்கத்துக்கே கூடுதல் இடம் ஒதுக்குவது வழக்கம்.

ஆகவே டவரின் எல்லை ஓரத்தில் ஒரு விசித்திரமான நிலப்பகுதி உருவாகிறது. அங்கே டவர் அனுப்புவது போனுக்கு வந்துசேரும், போன் அனுப்புவது டவருக்குப் போய்ச்சேராது. திரையின் மூலையில் தெரியும் சிக்னல் கோடுகள் டவரிலிருந்து வருவதன் பலத்தை மட்டுமே காட்டுகின்றன. நாம் அனுப்புவது போகிறதா என்பதைப் பற்றி அவை எதுவும் சொல்வதில்லை. 'ரெண்டு கோடு இருக்கு, ஆனா போகமாட்டேங்குது' என்பதன் விளக்கம் பெரும்பாலும் இதுதான்.

மலைநாட்டில் இந்த ஓரப்பகுதி மிகப் பெரியது. கைபேசி அலைகள் மலைமுகட்டைத் தாண்டி வளைந்து இறங்குவதில் கெட்டிக்காரர்கள் அல்ல. மடுல்சீமையில் ஆயிரம் மீற்றருக்கு மேலே, சின்ன உலக முடிவு என்று சுற்றுலாப் பயணிகள் தேடிவரும் செங்குத்து விளிம்பில் நின்றால், மறைப்பு எதுவும் இல்லாததால் தூரத்து டவரும் எட்டக்கூடும். சரிவின் மறுபக்கம், தேயிலை மலைக்குக் கீழே பள்ளத்தில் இருக்கும் லயத்துக்குப் பக்கத்து டவரும் எட்டாது.

மூட்டம் இறங்கினால் சிக்னல் போய்விடும் என்று சொல்வதுண்டு. போனுக்கும் டவருக்கும் இடையிலான அலையை மூட்டமோ மழையோ பெரிதாகத் தின்பதில்லை. டவரையும் டவரையும் இணைக்கும் மைக்ரோ அலைத் தொடுப்பு வேறு வகை. அதன் அதிர்வெண் அதிகம், கடும் மழையில் அது நலிவது உண்மை. மழை நாளில் மின்சாரம் போவதும் சேர்ந்துகொள்ளும். பழி மூட்டத்தின் தலையில் விழுகிறது.

கோப்பு எப்படிப் பயணிக்கிறது

இயற்பியல் இதோடு போதும். இரண்டாம் புதிருக்கு வருவோம்.

எந்தக் கோப்பும் முழுதாகப் பயணிப்பதில்லை. சுமார் 1,500 பைட் கொண்ட சிறு சிறு பொதிகளாகப் பிரிந்தே போகிறது. 60 மெகாபைட் வீடியோ என்றால் ஏறக்குறைய 40,000 பொதிகள். ஒவ்வொன்றும் சேர்ந்ததற்கு மறுமுனை ஒப்புகை அனுப்புகிறது. ஒப்புகை வராத பொதியைப் போன் தானாகவே திரும்ப அனுப்பும். இந்த வேலை இயங்குதளத்தின் அடித்தளத்தில் நடக்கிறது, செயலிக்கு அது தெரியவேண்டியதும் இல்லை.

அப்படியானால் ஒரு பொதி தொலைந்ததற்காக முழுக் கோப்பும் ஏன் வீணாக வேண்டும்? ஒரு பொதிக்காக வீணாவதில்லை. இணைப்பே அறுந்துபோகும்போதுதான் வீணாகிறது. எது வந்தது, எது வரவில்லை என்ற அந்தக் கணக்கு இணைப்பு உயிரோடு இருக்கும்வரைதான் இருக்கும். நீங்கள் நாலடி நடந்து வேறு டவருக்கு மாறும்போது தொடுப்பு துண்டிக்கப்படலாம். சிக்னல் ஒரு நிமிடம் இல்லாமல் போகலாம். அப்போது இரு முனைகளும் அந்தக் கணக்கைக் கைவிட்டுவிடுகின்றன. வழங்கி, அதாவது கோப்பை வாங்கிவைக்கும் தூரத்துக் கணினி, அதுவரை பெற்ற பாதிக் கோப்பைக் குப்பை என்று கருதி அழித்துவிடுகிறது. அதற்கு யாரும் வேறு மாதிரிச் சொல்லிக்கொடுக்கவில்லை.

சொல்லிக்கொடுக்க முடியாத விஷயமும் இல்லை. கணினிகளுக்கிடையே கோப்பு அனுப்புவதற்கான முதல் நெறிமுறையை 1971 ஏப்ரலில் எழுதியவர் அபய் பூஷண். அலகாபாத்தில் பிறந்து, கான்பூர் ஐஐடியில் படித்து, அமெரிக்காவின் எம்ஐடிக்குப் போனவர். எப்டிபி என்று அறியப்பட்ட அந்த நெறிமுறையின் 1985ஆம் ஆண்டு வடிவத்தில், விட்ட இடத்திலிருந்து தொடர்வதற்கென்றே ஒரு கட்டளை இருக்கிறது. அக்காலத்துத் தொலைபேசி வழி இணைப்புகள் அடிக்கடி அறுந்தன. அறுந்த அனுபவம் உள்ளவர்கள் அதற்கு ஏற்பாடும் செய்தார்கள்.

1995இல் வலைப்பக்கப் படிவத்தின் வழியே கோப்பு ஏற்றும் முறை வந்தது. இன்றும் பெரும்பாலான செயலிகள் பின்பற்றுவது அதன் வழிவந்த முறையைத்தான். கோப்பை எடு, ஒரே மூச்சில் தள்ளு, முடிந்ததும் பதில் வாங்கு. மூச்சு நின்றால் என்ன செய்வது என்று அதில் இல்லை. மேசைக் கணினியும் கம்பி இணைப்பும் மனத்தில் வைத்துச் செய்யப்பட்ட ஏற்பாடு அது. இறக்கத்துக்கு இரண்டே ஆண்டில் விமோசனம் கிடைத்தது. வலைப்பக்கங்களைக் கொண்டுவரும் நெறிமுறையான எச்டிடிபியின் 1997இல் வெளியான புதிய வடிவம், 'இத்தனையாவது பைட்டிலிருந்து கொடு' என்று கேட்க வழி செய்தது. ஏற்றத்துக்கு அப்படி ஒன்று கிடைக்காமல் ஆண்டுகள் ஓடின.

யூடியூப் பாட்டு ஓடுவதற்கும் இறக்கத்துக்குக் கிடைத்த இந்த வசதியே இன்னொரு காரணம். பாட்டு ஒரே கோப்பாக வருவதில்லை. சில விநாடி அளவுள்ள துண்டுகளாக ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கப்படுகிறது. இணைப்பு மெலிந்தால் அடுத்த துண்டு தரம் குறைந்ததாக வரும். அறுந்தால் நட்டம் ஒரு துண்டு.

60 மெகாபைட்டுக்கு ஒரு கணக்கு

ஒரே மூச்சு முறையின் விலை என்ன என்று ஒரு கணக்கால் பார்க்கலாம்.

மடுல்சீமையில் ஓர் ஆசிரியை அரை மணி நேரப் பாடத்தை 60 மெகாபைட் வீடியோவாகப் பதிவுசெய்து ஏற்ற நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஏற்றத்தின் வேகம் நிமிடத்துக்கு 2 மெகாபைட். இணைப்பு ஒவ்வொரு நிமிடத்திலும் அறுந்துபோக நாலில் ஒரு வாய்ப்பு. இவை நான் எடுத்துக்கொண்ட எண்கள். மலையோரத்துக்கு இது ஒன்றும் கொடூரமான நிலைமை அல்ல.

அறுந்துபோகாவிட்டால் 30 நிமிடத்தில் முடியும். ஆனால் 30 நிமிடமும் ஒருமுறைகூட அறுந்துபோகாமல் இருக்க வேண்டுமே. முதல் நிமிடம் தப்ப நாலில் மூன்று வாய்ப்பு. இரண்டும் தப்ப அதிலும் முக்கால். இப்படியே முக்காலை முக்காலால் 30 தடவை பெருக்கிக்கொண்டு போனால் வருவது 5,600இல் ஒன்று. ஒவ்வொரு முறை அறுந்ததும் பூச்சியத்திலிருந்து தொடங்கும் செயலி, சராசரியாக 22,400 நிமிடம் முயன்ற பிறகே ஒருமுறை வெல்லும். இரவும் பகலும் ஓயாமல் முயன்றால் பதினைந்தரை நாள்.

அந்தப் பதினைந்தரை நாளிலும் டேட்டா போய்க்கொண்டே இருக்கும். 60 மெகாபைட்டை அனுப்ப 40 ஜிகாபைட் அளவில் செலவாகும். தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,000 ரூபாய் என்று வர்த்தமானியில் வந்ததே 2021 மார்ச்சில்தான். யாரும் 40 ஜிகாபைட் வரை போகமாட்டார்கள், மூன்றாம் முயற்சியில் விட்டுவிடுவார்கள். விட்டவரைப் பற்றி எங்கேயும் பதிவாகாது. 'அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் வீட்டுவேலை அனுப்புவதில்லை' என்று மட்டும் பதிவாகும்.

இப்போது ஒரு மாற்றம் செய்வோம். வீடியோவை 2 மெகாபைட் கொண்ட 30 துண்டுகளாக வெட்டுகிறோம். சேர்ந்த துண்டு சேர்ந்ததுதான், அதைத் திரும்ப அனுப்பத் தேவையில்லை. அறுந்தால் அப்போது போய்க்கொண்டிருந்த துண்டு மட்டும் மறுபடி போகும். ஒரு துண்டுக்குச் சராசரி ஒன்றேகால் முயற்சிக்குச் சற்று மேல். மொத்தம் 40 நிமிடம்.

அதே டவர், அதே போன், அதே மலை. பதினைந்தரை நாள் 40 நிமிடமாகிவிட்டது.

மடுவத்தில் நிறுத்த கொழுந்து

தோட்டத்தில் இந்த முறை நூறு வருடத்துக்கும் மேலாக நடக்கிறது. காலையிலிருந்து எடுத்த கொழுந்தை மாலைவரை முதுகிலேயே சுமந்து யாரும் திரிவதில்லை. நாளில் இரண்டு மூன்று தடவை, கொழுந்து நிறுக்கும் இடமான மடுவத்தில் நிறுத்து, கிலோவை அவரவர் பெயரில் எழுதிக்கொள்கிறார்கள். மத்தியானத்துக்குப் பிறகு பெருமழை பிடித்து வேலை நின்றாலும் காலைக் கொழுந்து கணக்கில் இருக்கிறது. கணக்கு யாரிடம் இருக்கிறது என்பதையும் கவனியுங்கள். எடுத்தவரின் நினைவில் எவ்வளவு இருந்தாலும் செல்லுபடியாவது நிறுத்தவரின் கொப்பியில் எழுதியதுதான்.

விட்ட இடத்திலிருந்து தொடரும் ஏற்றத்தைத் தொடரேற்றம் என்று அழைப்போம். 2010களில் டஸ் என்ற திறந்த நெறிமுறை இதற்கு ஒழுங்கான வடிவம் கொடுத்தது. யூடியூப், கூகுள் டிரைவ் ஆகியவற்றிலும் இதே எண்ணத்தில் அமைந்த வழி இருக்கிறது. நடப்பது எளிது. போன் முதலில் வழங்கியிடம், 'இவ்வளவு பெரிய கோப்பு வருகிறது, ஓர் அடையாள எண் கொடு' என்கிறது. துண்டுகளை அனுப்பத் தொடங்குகிறது. அறுந்து, திரும்பவும் இணைப்புக் கிடைத்ததும் நேரே அனுப்ப ஆரம்பிக்காமல், அந்த எண்ணைச் சொல்லி 'எதுவரை வந்திருக்கிறது?' என்று கேட்கிறது. வழங்கி சொல்லும் பைட்டிலிருந்து தொடர்கிறது.

இந்தக் கேள்வியைக் கேட்காமல் போன் தன் சொந்தக் கணக்கை நம்பினால் ஆபத்து. 99 வீதப் புதிரின் விடை இங்கேதான் இருக்கிறது. செயலி கோப்பை நேராக டவருக்குக் கொடுப்பதில்லை. போனுக்குள்ளேயே இயங்குதளம் வைத்திருக்கும் ஒரு காத்திருப்பு இடத்தில் கொடுக்கிறது. கொடுத்தவுடனேயே போய்விட்டதாகக் கோட்டை நீட்டும் செயலிகள் நிறைய உண்டு. சின்னப் படமென்றால் முழுப் படமும் அந்த இடத்திலேயே அடங்கிவிடும். கோடு 99ஐத் தொட்டிருக்கும், ஒரு பைட்கூடப் போனை விட்டு நகர்ந்திருக்காது. அந்தக் கோட்டை நம்பிப் பாறையிலிருந்து இறங்கிப்போன பிள்ளையைச் செயலி ஏமாற்றியிருக்கிறது என்றே சொல்வேன்.

எதிர்த்திசையிலும் ஒரு சிக்கல் உண்டு. துண்டு போய்ச்சேர்ந்துவிட்டது, 'வந்தது' என்ற பதில் திரும்பும் வழியில் தொலைந்துவிட்டது. போன் அதே துண்டை மறுபடி அனுப்புகிறது. வழங்கி அதைப் புதியது என்று எடுத்துக்கொண்டால் கோப்பு கெட்டுவிடும், அல்லது ஒரே வீட்டுவேலை ஆசிரியருக்கு மூன்று தடவை போகும். அடையாள எண்ணும் துண்டின் இடமும் சேர்ந்து வந்தால், 'இது என்னிடம் இருக்கிறது' என்று வழங்கி ஒதுக்கிவிடலாம். கடைசியில் எல்லாத் துண்டும் சரியாகச் சேர்ந்தனவா என்று பார்க்கக் கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்டெடுக்கும் ஒரு நீண்ட எண் உதவுகிறது. கோப்பில் ஒரு எழுத்து மாறினாலும் இந்தக் கைரேகை எண் மாறிவிடும். இறக்கத்துக்கும் இது வேண்டும். நேற்றுப் பாதி இறக்கிய பாடத்தை ஆசிரியர் இன்று திருத்தியிருந்தால், பழைய முன்பாதியோடு புதிய பின்பாதியை ஒட்டிவிடக் கூடாது.

துண்டு எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்?

சிறிதாக வெட்ட வெட்ட நல்லது என்று தோன்றும். நமது கணக்கில் 10 மெகாபைட் துண்டானால் 40 நிமிடம் 77 நிமிடமாகிறது. ஆகவே சிறியதே மேல். ஆனால் ஒரேயடியாக 1,500 பைட்டாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் 'வந்ததா' என்று கேட்டு அரை விநாடி காத்திருந்தால், காத்திருப்பு மட்டுமே ஐந்தரை மணி நேரம். கூகுள் தன் சேவைகளில் துண்டின் அளவு 256 கிலோபைட்டின் மடங்காக இருக்கச் சொல்கிறது. அமேசானின் களஞ்சியச் சேவையில் கடைசித் துண்டைத் தவிர மற்றவை 5 மெகாபைட்டுக்குக் குறையக் கூடாது. கொழும்பின் பைபர் இணைப்புக்கு அது கண் இமைக்கும் நேரம். நம் ஆசிரியைக்கு ஒரு துண்டுக்கே இரண்டரை நிமிடம். வேகத்தைப் பார்த்துத் துண்டின் அளவைத் தானே மாற்றிக்கொள்ளும் செயலியே மலைக்கு ஏற்றது.

எல்லோரும் ஒரே நேரத்தில் முயன்றால்

மரவீட்டில் பத்துப் போன்கள் இருக்கின்றன. சிக்னல் போகிறது, பத்தும் நிற்கின்றன. சிக்னல் வருகிறது, பத்தும் ஒரே கணத்தில் பாய்கின்றன. நெரிசலில் பல தோற்று, சொல்லிவைத்தது போல ஐந்து விநாடி கழித்து மறுபடி ஒன்றாகப் பாய்கின்றன. ஹவாய்த் தீவுகளின் கணினிகளை வானொலி அலையால் இணைத்த நார்மன் ஆப்ரம்சன் 1971இலேயே இதற்கு மருந்து கண்டார். மோதினால் ஒவ்வொருவரும் வெவ்வேறு நேரம், குருட்டாம்போக்கில் காத்திருக்க வேண்டும். பிறகு வந்தவர்கள், தோற்கத் தோற்கக் காத்திருப்பை இரட்டிப்பாக்கு என்பதையும் சேர்த்தார்கள். செயலி எழுதுபவருக்கு இது நாலு வரி வேலை. அந்த நாலு வரியைக் காணாத செயலிகள் ஏராளம்.

போன் தூங்கிவிடுவதும் ஒரு தொல்லை. பற்றரியை மிச்சம்பிடிக்க, திரை அணைந்து சும்மா கிடக்கும் போனில் அண்ட்ரொய்ட் 2015 முதல் பின்னணி வேலைகளை ஒடுக்குகிறது. ஏற்றத்தைத் தன் திரை திறந்திருக்கும்வரை மட்டும் நடத்தும் செயலி, போனைச் சட்டைப் பைக்குள் போட்டதும் செத்துவிடும். இதற்கும் வழி இருக்கிறது. ஐபோனில் 2013 முதலும் அண்ட்ரொய்டில் 2018இல் அறிமுகமான வேலைப்பட்டியல் வசதியிலும், அனுப்பும் பொறுப்பை இயங்குதளத்திடமே ஒப்படைக்கலாம். போனைப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகும் வழியில், முகடு ஒன்றைத் தாண்டும்போது கிடைக்கும் இரண்டு நிமிடச் சிக்னலில் ஒரு துண்டு போய்விடும். மரவீட்டில் வரிசை நிற்க வேண்டியதில்லை.

அனுப்பாத பைட்

எல்லாவற்றிலும் வேகமாகப் போவது அனுப்பத் தேவையில்லாத பைட்தான். போன் எடுக்கும் கொப்பிப் படம் சாதாரணமாக 3, 4 மெகாபைட் இருக்கும். கையெழுத்தை வாசிக்க அவ்வளவு வேண்டாம். நீளப் பக்கம் 1,600 புள்ளியாகச் சுருக்கினால் சில நூறு கிலோபைட்டில் அடங்கும், எழுத்தும் தெளிவாகவே இருக்கும். வட்ஸ்அப் படமாக அனுப்பும்போது இதைத் தானாகச் செய்கிறது. அதே படத்தை டொக்கியுமென்ட்டாக அனுப்பினால் சுருக்காமல் முழு எடையோடு அனுப்பும். பிள்ளைகளின் வீட்டுவேலையை டொக்கியுமென்ட்டாகத்தான் அனுப்ப வேண்டும் என்று கேட்கும் ஆசிரியர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

மலைநாட்டுப் பிள்ளைகளுக்கென்று கல்விச் செயலிகள் செய்பவர்கள் கொழும்பிலோ சென்னையிலோ அலுவலக வைபையில் சோதித்துவிட்டுத் திருப்திப்படுகிறார்கள். அவர்கள் பசறை பஸ்ஸில் ஏறி மடுல்சீமைவரை ஒருமுறை வந்து சோதித்தால் நல்லது. அது முடியாவிட்டால் வீட்டிலேயே செய்துபார்க்கலாம், நீங்களும் செய்யலாம். பெரிய வீடியோ ஒன்றை ஏற்றத் தொடங்குங்கள். பாதி போனதும் விமானப் பயன்முறையைப் போட்டு, இரண்டு நிமிடம் கழித்து எடுத்துவிடுங்கள். கோடு பாதியிலிருந்து தொடர்ந்தால் அந்தச் செயலியை வைத்திருங்கள். பூச்சியத்திலிருந்து தொடங்கினால், அதைச் செய்தவர்களுக்கு என்ன நடந்தது என்று ஒரு முறைப்பாடு எழுதுங்கள். சிக்னல் இல்லை என்று அவர்கள் பதில் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.